டிங்கிள் போறீங்களா? சாப்பாடு, பப், கடைத்தெரு: கேள்வி பதில்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்தில் இருக்கும் சின்னத் துறைமுக ஊர் டிங்கிள். கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

டப்ளினில் மதியம் ரயில் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாமா, அண்ணா?

சிரமம். டிங்கிளுக்கு ரயில் கிடையாது. ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ட்ரலீ வரை ஏறக்குறைய 4 மணி நேரம், பல வண்டிகளில் போனால் நடுவில் மாலோவில் மாற வேண்டும். ட்ரலீயிலிருந்து 275 எண் பஸ் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும். ரயில் வரும் நேரத்துக்கும் பஸ் கிளம்பும் நேரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

பெரும்பாலான சமையலறைகள் இரவு 9 மணிவாக்கில் அடுப்பை அணைத்துவிடும். பப் திறந்திருக்கும், உள்ளே கூட்டமும் பாட்டுமாக இருக்கும், சாப்பாடு மட்டும் இருக்காது. பஸ் தாமதமாகும் என்று தெரிந்தால் ட்ரலீயிலேயே ஒரு சாண்ட்விச் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மேசை முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் நிறைய உணவகங்கள் பூட்டியிருக்கும்.

காரில் வருகிறவர்களுக்கு: இது ஐரிஷ் மொழி பேசும் பகுதி. பலகையில் 'அன் டங்கன்' என்று பார்த்தால் அது டிங்கிள்தான்.

எந்த மீன் கேட்பது? மெனுவில் உள்ள பெயர் ஒன்றும் புரியவில்லை.

மெனுவை அப்புறம் பாருங்கள், முதலில் சுவரில் கரும்பலகை இருக்கிறதா என்று தேடுங்கள். அன்றைக்குப் படகில் இறங்கியது அங்கேதான் எழுதியிருக்கும். வஞ்சிரம் மாதிரி கெட்டிச் சதை பிடிக்குமென்றால் மங்க்ஃபிஷ்: நடுவில் ஒரே ஒரு முள்தண்டுதான், குழந்தைகளுக்குக்கூடப் பயமில்லாமல் கொடுக்கலாம். ஹேக் மெத்தென்று உதிரும், மசாலா இல்லாமலே ருசிக்கும். பிளாக் சோல் முழுசாக முள்ளோடு வரும். அதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் எடுத்துத் தரச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நண்டுக் கால்கள் பூண்டு வெண்ணெயில் புரட்டி வரும். ஓடு உரித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாதி நேரம் இடுக்கியோடு போராட்டம்தான்.

இரண்டு மூன்று நாள் புயலடித்தால் படகுகள் வெளியே போகாது. அந்த நாளில் 'ஃப்ரெஷ்' என்ற சொல்லை நம்பி விலையுயர்ந்த மீன் கேட்காதீர்கள், சௌடர் என்கிற மீன் சூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். துறைக்கு எதிரே இருக்கும் 'அவுட் ஆஃப் த ப்ளூ' இந்த விஷயத்தில் பிடிவாதத்துக்குப் பெயர்போனது. கடல் உணவு மட்டும்தான், சிப்ஸ் கிடையாது, நல்ல மீன் வராத நாளில் கடையே திறப்பதில்லை. கையில் வாங்கித் துறையோரம் நின்று சாப்பிட 'ரீல் டிங்கிள் ஃபிஷ்' கடை போதும். பெரியவர் இருவருக்கு மீன் இரண்டு, சிப்ஸ் ஒன்று சொன்னால் சரியாக இருக்கும். பொட்டலத்தைத் திறந்துவைத்து வேடிக்கை பார்த்தால் கடற்காகம் கொத்திக்கொண்டு போய்விடும்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் நான்கு இடங்களில் ஏமாறலாம். காய்கறி சூப்பில் கோழி எலும்புச் சாறு சேர்த்திருப்பார்கள். சௌடர் மீன் சூப்தான், சில கடைகளில் பன்றி இறைச்சித் துண்டும் விழும். சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் அயர்லாந்தில் உண்டு. தாவர எண்ணெயில் பொரித்தாலும் மீனுக்கும் அதே சட்டியாக இருக்கலாம். நாலாவது பாலாடைக்கட்டி: கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் போட்டதா என்று விசாரியுங்கள். பழுப்பு சோடா ரொட்டி மோரும் சமையல் சோடாவும் சேர்த்துச் செய்வது, வெண்ணெய் தடவித் தாராளமாகச் சாப்பிடலாம். கின்னஸ் என்ற கறுப்பு பியரைத் தெளியவைக்க முன்பு மீன்பசை போடுவார்கள், இப்போது அது இல்லை.

பப்புக்குள் சுத்தியல் விற்கிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான். மெயின் ஸ்ட்ரீட்டில் ஃபாக்ஸி ஜான்ஸ்: ஒரு பக்கம் ஆணி, திருகு, பெயின்ட், எதிர்ப்பக்கம் பியர் குழாய். அதே தெருவில் கரன்ஸில் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து குடிக்கலாம். கிரீன் ஸ்ட்ரீட்டில் டிக் மாக்ஸ், செருப்புத் தைக்கும் கடையாக இருந்தது. தோல் வேலை இன்னும் நடக்கிறது, பெல்ட் வாங்கலாம். அது எங்கே என்று கேட்டால் 'சர்ச்சுக்கு எதிரே' என்பார்கள். சர்ச் எங்கே என்றால் 'டிக் மாக்ஸுக்கு எதிரே'.

கின்னஸ் கேட்டால் முதலில் முக்கால் கோப்பைதான் ஊற்றி அப்படியே வைத்துவிடுவார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கையை நீட்டி எடுக்காதீர்கள். நுரை மேலேறி அடியில் கறுப்பு தெளிந்த பிறகு மீதியை ஊற்றுவார்கள், இரண்டு நிமிடம் ஆகும். நாலு பேர் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் எல்லோருக்கும் வாங்க வேண்டும். தன் முறை வரும்போது எழுந்து போய்விடுகிறவரை ஊர் மறக்காது. மூலையில் காலியாக இருக்கும் இருக்கைகள் வாத்தியக்காரர்களுக்கானவை.

பிள்ளைகளை உள்ளே விடுவார்களா?

15 வயதுக்குள் என்றால் பெற்றோர் கூடவே இருக்க வேண்டும், இரவு 9 மணிக்குள் கிளம்ப வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. அவர்களுக்கு ஸ்ட்ராண்ட் ஸ்ட்ரீட்டில் மர்ஃபீஸ் ஐஸ்கிரீம் இருக்கிறது: கெர்ரி இனப் பசுவின் பால், டிங்கிள் கடல் தண்ணீரில் காய்ச்சிய உப்பு. கேட்டால் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். கடல் உப்பு ஐஸ்கிரீமைத் தயங்காமல் கேளுங்கள்.

ஆரன் ஸ்வெட்டர் (முடிச்சு முடிச்சாகப் பின்னிய ஐரிஷ் கம்பளிச் சட்டை) வாங்கணும். போலி எப்படிக் கண்டுபிடிப்பது?

போலி என்பதைவிட, கையால் பின்னியதா, இயந்திரத்திலா என்பதுதான் கேள்வி. விலை வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. லேபிளில் அதைத் தேடுங்கள். கையால் பின்னியது எடை கூடுதலாக, அடர்த்தியாக இருக்கும். மெரினோ கம்பளி மிருதுவாக இருக்கும், உள்நாட்டுக் கம்பளி கழுத்தில் குத்தும். 'உங்கள் குடும்பப் பெயருக்குத் தனி முடிச்சு' என்பது வியாபாரிகள் கட்டிய கதை, அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். துவைத்தபின் கொடியில் தொங்கவிட்டால் முழங்கால்வரை நீளும், துண்டின்மேல் விரித்துக் காயவையுங்கள்.

ஊரில் வாங்க வேண்டிய இன்னொன்று கடல்பாசி சேர்த்த டில்லிஸ்கஸ் பாலாடைக்கட்டி. மண்பாண்டம் என்றால் கடலோரமாகச் சுற்றிவரும் ஸ்லே ஹெட் சாலையில் க்ளோகரில் இருக்கும் லூயிஸ் மல்காஹி பட்டறை. அந்தச் சாலையில் கடிகாரத் திசையிலேயே ஓட்டுங்கள், சுற்றுலாப் பஸ்கள் அப்படித்தான் வரும்; எதிர்த்திசையில் போனால் ஒடுங்கிய வளைவில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

குளிர்பானக் கேன் வாங்கினால் பில்லில் 15 சென்ட் கூட வருகிறதே, ஏன்?

2024 பிப்ரவரியிலிருந்து டெபாசிட். அரை லிட்டர்வரை 15, அதற்கு மேல் 25 சென்ட். காலிக் கேனை நசுக்காமல் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசுக்கான சீட்டு வரும். நசுங்கினால் பார்கோடு படிக்காது, காசு போச்சு.

கழிப்பறைக் கதவில் என்னவோ எழுதியிருக்கு, எதில் போவது?

'எம்' எழுத்தில் ஆரம்பிப்பது ஆண்களுக்கு என்று நினைத்துத்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். ஐரிஷ் மொழியில் 'ம்னா' என்றால் பெண்கள், 'ஃபிர்' என்றால் ஆண்கள்.