ஸ்கேனில் தெரியாத என் தோள்பட்டை வலி

"மனக்கவலை உடம்பில் உண்மையான வலியை உண்டாக்குமா, அல்லது எல்லாம் நினைப்புதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாப் பரிசோதனைகளும் முடிந்து, "ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு நீங்கள் வீடு திரும்பியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். உண்டாக்கும்; அந்த வலி உண்மையானது. நான் மருத்துவர் அல்லள். மூன்றாண்டுகள் அதை அனுபவித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவானது. அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) காலமான மறு ஆண்டு, அதைப் பழுது பார்ப்பதா, பிரித்து விற்பதா என்ற பேச்சு தொடங்கியது. ஆண்கள் முகப்பில் அமர்ந்து பேச, நான் வீட்டின் உட்பகுதியான வளவில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பேன். மகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொல்லி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், என்னை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. அன்றிரவே இடது தாடையில் தொடங்கும் வலி கழுத்து வழியாகத் தோள்பட்டைக்கு இறங்கும். மறுநாள் தலை சீவக் கையைத் தூக்க முடியாது. பர்மாத் தேக்குத் தூண்களைக் கழற்றி லாரியில் ஏற்றிய வாரத்தில் ஐந்து இரவுகள் உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

இடப்பக்க வலி என்பதால் முதலில் இதயத்தைப் பரிசோதித்தார்கள். அது மிகவும் சரி. கவலையால் வருவதுதான் என்று நீங்களே முடிவுகட்டி அந்தப் பரிசோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். கழுத்து ஸ்கேனில் வயதுக்குரிய தேய்மானம் மட்டுமே இருந்தது. "வலிக்கு இடமே இல்லையே, மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மருத்துவர் சொல்லி அனுப்பியதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பொய் சொல்லிவிட்டுப் பிடிபட்டவளைப் போல நான் அங்கிருந்து எழுந்து வந்தேன்.

மதுரையில் பார்த்த இன்னொரு மருத்துவர்தான், வலி எந்த நாள்களில் கூடுகிறது என்று கேட்டு, குறித்து வரச் சொன்னார். குறிப்பேட்டைப் பார்த்தபின் அவர் விளக்கியது இது: கவலையில் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் கூடுகின்றன, தாடையும் கழுத்தும் தம்மையறியாமல் இறுகுகின்றன, தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் அளவும் குறைகிறது. முதுகுத்தண்டில் வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் மூளையால் முடியும் என்பதை மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1965இலேயே எழுதியிருக்கிறார்கள். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையும் வலியை உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே சொல்கிறது.

மதுரை மருத்துவர் கொடுத்த அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மாத்திரை என்று அறிந்து முதலில் புண்பட்டேன். குறைந்த அளவில் அது நரம்பு வழி வலியைத் தணிக்கவும் தரப்படுவது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மாத்திரையோடு கழுத்துப் பயிற்சியும் மாலை நடையும் சேர்ந்து, ஏழெட்டு மாதங்களில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. மாத்திரை மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் இதே மருந்து பொருந்தும் என்றும் சொல்லவில்லை.

முன்னோருக்குப் படையலிடும் சென்ற படைப்புக்கு ஊருக்குப் போனபோது, தூண் இல்லாத முகப்பைக் கண்டதும் தாடை இறுகியது. இம்முறை அண்ணனைத் தனியே அழைத்து, என்னைக் கேட்காமல் விற்றது தவறு என்று நேரில் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. வலி அன்றிரவும் வந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன், தூங்க முடிந்தது.