சிறுகதைப் பாத்திரத்தையும் அனுபவக் கட்டுரையின் ‘நானை’யும் வகுப்பில் எப்படி ஒப்பிடுவது?

திருகோணமலையில் தரம் 9 வாசிப்பு வகுப்பு எடுக்கும் ஒருவரின் கேள்வி இது. பிள்ளைகள் இருவரின் குணங்களையும் பட்டியல் போடுவதோடு நின்றுவிடுகிறார்களாம்.

குணத்தை விட்டுவிட்டு, “இது எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?” என்று கேளுங்கள். கதாசிரியர் விரும்பினால் ஒரே பக்கத்தில் தாயின் பயத்துக்குள்ளும் மகனின் கோபத்துக்குள்ளும் போகலாம். அனுபவம் எழுதுபவருக்குத் தன் மனம் மட்டும்தான் திறந்திருக்கும். மற்றவர்களைப் பேச்சையும் செயலையும் வைத்து ஊகிக்கிறார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அனுபவக் கட்டுரையின் ‘நான்’ இரண்டு பேர் என்பது. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, கிண்ணியாவில் கடலுக்குப் பயந்து ஓடிய சிறுமி ஒருத்தி. பல வருடம் கழித்து அதை எழுதும் பெண் இன்னொருத்தி என்று வையுங்கள். சிறுமிக்குத் தெரிந்தது தண்ணீரும் அலறலும்தான். சுமாத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது பெண்ணுக்குத்தான் தெரியும். எந்த வரி யாருடையது என்று பிள்ளைகள் இரண்டு நிறத்தில் கோடிடட்டும். பிறகு அதே நாளைப் பற்றிய கற்பனைக் கதை ஒன்றைக் கொடுங்கள். அதுவும் ‘நான்’ என்று தொடங்கினால் கதைசொல்லியையே எழுத்தாளர் என்று எண்ணிவிடுவார்கள். அந்த இடத்தில் நின்று விளக்குங்கள்.

ஒன்று மட்டும்: அந்த நாளில் உறவுகளை இழந்த வீடுகள் இங்கே நிறைய. தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தாதீர்கள்.