கொம்பில்லாதது குட்டி ஆகுமா?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். செம்பனைத் தோட்டத்தின் காட்டோர வரிசையில் குலை வெட்டப் போன அப்பா, பூனையளவே உள்ள, குச்சிக் கால்களோடு கூடிய ஒரு பிராணியைப் பார்த்திருக்கிறார். தாயைப் பிரிந்த மான்குட்டி என்பது அவர் முடிவு. கஞ்சில் (சருகுமான்) என்கிறார் தோட்டக் கண்காணியான மண்டோர். கொம்பில்லாததால் குட்டி என்பதுதானே பொருத்தம்? மறுபடி கண்ணில் பட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து பால் கொடுக்கலாமா?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

மண்டோர் சொல்வதே சரியென்று தோன்றுகிறது. கஞ்சில் என்னும் சருகுமானுக்கு எந்த வயதிலும் கொம்பு முளைப்பதில்லை. ஆணுக்கு அதற்கு ஈடாக மேல்தாடையின் கோரைப்பற்கள் நீண்டு, வாய் மூடியிருக்கும்போதும் கீழ்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். மான் என்று நாம் அழைத்தாலும் விலங்கியலார் இதை மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. அசைபோடும் விலங்குதான், ஆனால் மாட்டுக்கும் மானுக்கும் நன்கு வளர்ந்திருக்கும் இரைப்பையின் மூன்றாம் அறை இதற்கு வளர்ச்சி குன்றியே இருப்பதும், காலுக்கு நான்கு விரல்கள் முழுமையாக அமைந்திருப்பதும், மற்ற அசைபோடும் விலங்குகளிலிருந்து மிக முன்பே பிரிந்த கிளை இது என்பதைக் காட்டுகின்றன.

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: வெள்ளை எங்கே இருந்தது? கிஜாங் என்னும் சிறு மானின் குட்டியாயின் உடலில் வெண்புள்ளிகள் இருக்கும். வளர்ந்த கஞ்சிலின் முதுகில் புள்ளியே இராது, தொண்டையில் மட்டும் வெண்பட்டைகள் தெரியும். (தமிழ்நாட்டு மலைக்காடுகளிலுள்ள சருகுமான் வேறு இனம், அதன் உடலில் புள்ளிகளும் கோடுகளும் உண்டு. அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும்.) முழு வளர்ச்சியடைந்த கஞ்சிலே ஏறத்தாழ 2 கிலோதான், இதன் உறவான நாப்பு அதைவிடப் பெரியது.

மலாக்கா மாநிலச் சின்னத்திலும் 1994இல் வந்த பெரோடுவா காரின் பெயரிலும் பழகிப்போன இப்பிராணியை நேரில் கண்டவர்கள் குறைவு. அடர்ந்த புதருக்குள் தடம் அமைத்துக்கொண்டு, உதிர்ந்த பழங்களையும் இளந்தளிர்களையும் தின்று வாழும் இது, மிரண்டால் நொடிக்கு 4 முதல் 7 முறை குளம்பால் தரையைத் தட்டும்.

பால் கொடுக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உண்மையான குட்டியாகவே இருந்தாலும், அதைத் தாய் புதரில் மறைத்துவிட்டு இரைதேடப் போவது இயல்பு; தனியாகக் கிடப்பதை அநாதை என்று எண்ணித் தூக்குவது பரிவின் பெயரால் நடக்கும் கடத்தலே. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அடிபட்டுக் கிடந்தால் மட்டும், கைவைக்காமல் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.