டூ வீல் ஜீப்பை ஃபோர் வீல் ஆக்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஏலக்காய்த் தோட்டத்துக்கு மஹிந்திரா கமாண்டர் வைத்திருக்கிறேன். டூ வீல் டிரைவ், பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். மழை பிடித்தால் கடைசி இரண்டு வளைவு ஏறுவதில்லை. ஓடும் நிலையில் ஓர் எம்.எம். 540 ஜீப் விலைக்கு வருகிறது. அதைப் பிரித்து இதில் மாட்டலாம் என்று எண்ணம். என்னென்ன எடுக்க வேண்டும்?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: முன்னால் லீஃப் ஸ்பிரிங்கும் கட்டை ஆக்சிலும் உள்ள பழைய ஜீப் என்பதால் உங்கள் வண்டியில் இந்த வேலை நடக்கும். டோனர் வண்டி, அதாவது உதிரி எடுக்கும் வண்டி, முழுதாக, ஓடும் நிலையில் கிடைப்பது அதைவிட நல்லது. பிரிப்பதற்கு முன் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். ஈர மண்ணில் ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர் நிலை) போட்டு, இரண்டாம் கியரில் கொஞ்சம் வேகம் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுங்கள். லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால், என்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதே மண்ணில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல உருட்டும்போது முன்சக்கரத்தில் டக் டக் என்று கேட்டால் நக்கிளுக்குள் (முன்சக்கரம் திரும்பும் மூட்டு) இருக்கும் ஜாயின்ட் போய்விட்டது. இரண்டையும் சொல்லி விலையைக் குறையுங்கள்.

எடுக்க வேண்டியவை: முன் ஆக்சில், ஒரு ஹப்பிலிருந்து மறு ஹப் வரை பிரிக்காமல், டிரம், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங் ராடு எல்லாவற்றோடும். முன் ஸ்பிரிங், ஷேக்கிள், யூ போல்ட். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒரே கட்டாக. அவற்றைத் தாங்கும் கிராஸ் மெம்பர், அதன் ரப்பர்கள், லீவர்கள், ஸ்பீடோமீட்டர் கேபிள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் இரண்டு புரோப்பல்லர் ஷாஃப்ட். பின் ஆக்சிலையும் விடாதீர்கள்; ஏன் என்பது கீழே ஏற்காட்டு வாசகருக்கு எழுதிய பதிலில் இருக்கிறது. கியர்பாக்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். டூ வீல் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின்னால் வேறு மாதிரி முடியும். டிரான்ஸ்ஃபர் கேஸின் கியர் அதில் உட்காராது.

சிக்கல் வரும் இடங்கள் சில உண்டு. எம்.எம். 540-இல் பழைய பெஜோ என்ஜின் இருந்து உங்களுடையது டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) என்றால் என்ஜினோடு கியர்பாக்ஸை இணைக்கும் பெல் ஹவுசிங் சேராது. கியர்பாக்ஸை இறக்கி, பக்கத்தில் வைத்து அளந்த பிறகே பணம் கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க வெளியீடு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருந்தால், பின் ஆக்சில் ஹவுசிங்கின் உருண்டையும் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் இருக்கும் இடம்) அதே பக்கம் தள்ளியிருக்க வேண்டும். சில டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் ஹேண்ட் பிரேக் டிரம் அதன் முதுகிலேயே இருக்கும். கேபிளை அதற்கேற்ப மாற்றாவிட்டால் மலையில் நிறுத்த ஹேண்ட் பிரேக் இருக்காது. முன் ஸ்பிரிங் முழுதும் அமுங்கி பம்ப் ஸ்டாப்பைத் தொடும்போது என்ஜின் சம்ப்புக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது இடைவெளி இருக்கிறதா என்று ஜாக்கி வைத்துப் பாருங்கள். பாராமல் விட்டால் முதல் பள்ளத்திலேயே சம்ப் உடையும்.

கமாண்டர் நீள வண்டி, எம்.எம். 540 குட்டை வண்டி. ஆகவே பின் புரோப்பல்லர் ஷாஃப்டை நீட்டித்தான் ஆக வேண்டும். வண்டி சொந்தக் காலில், வழக்கமான பாரத்தோடு நிற்கும்போது ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் அளவெடுங்கள். ஸ்லிப் ஜாயின்ட் அப்போது தன் ஓட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். இரு முனை ஃபோர்க்கும் ஒரே தளத்தில் இருக்கும்படி வெல்டிங் வைத்து, பிறகு பேலன்சிங் செய்யச் சொல்லுங்கள். அதைச் செய்யாத ஷாஃப்ட், மூட்டில் இருக்கும் கிராஸையும் ஆயில் சீலையும் மாறி மாறித் தின்னும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்று கேட்கிறேன். அந்த எம்.எம். 540-இன் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா? இருந்தால் அது பதிவிலேயே ஃபோர் வீல் வண்டியா என்று பாருங்கள். ஆம் என்றால் அதை வெட்டாதீர்கள். மழை மாதங்களில் அதை ஓட்டுங்கள், கமாண்டரை விற்றுவிடுங்கள் அல்லது கீழே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நடை போவது, இரண்டு வண்டியைப் பாழாக்குவதை விட மலிவு.

கேள்வி: 2014 ஸ்கார்பியோ, டூ வீல். டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் டிஃபரன்ஷியலும் மட்டும் வாங்கி வந்தால் மாட்டித் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரியில்லை. உங்கள் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசைபவை. டூ வீல் வண்டியின் நக்கிளிலும் ஹப்பிலும் ஆக்சில் ஷாஃப்ட் நுழையும் ஸ்பிளைன் துளை கிடையாது. ஸ்பிரிங் ஏற்பாடும் ஷாஃப்டுக்கு வழி விடாததாக இருக்கலாம். ஆகவே கீழ்க்கை, மேல்கை, நக்கிள், ஹப், ஸ்பிரிங் ஏற்பாடு, முன் டிஃபரன்ஷியலைத் தாங்கும் பிராக்கெட் எல்லாம் ஃபோர் வீல் வண்டியிலிருந்தே வர வேண்டும். பட்டனைத் திருப்பி ஃபோர் வீல் போடும் வகை என்றால் ஷிஃப்ட் மோட்டார், அதன் கன்ட்ரோல் யூனிட், வயரிங்கும் சேரும். இரண்டு சாமானில் முடியும் என்று சொல்பவர் இந்த வேலையைச் செய்து பார்த்தவர் அல்ல.

அதே ஆண்டு, அதே என்ஜின் கொண்ட ஃபோர் வீல் ஸ்கார்பியோ என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். உங்கள் வண்டியை விற்றால் வருவதைக் கழியுங்கள். மிச்சம் பட்டறைக்காரர் கேட்கும் தொகைக்குக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கையில் வருவதும் கம்பெனி வண்டி.

கேள்வி: புது மஹிந்திரா தார் ஜீப் எடுத்திருக்கிறேன், 1.5 டீசல், பின்சக்கர டிரைவ். வாரண்டி இருக்கும்போதே ஃபோர் வீல் ஆக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. மூன்று கதவு தாரில் அந்த 1.5 டீசலுக்குக் கம்பெனியே ஃபோர் வீல் கொடுக்கவில்லை. எடுத்து மாட்ட டோனர் வண்டியே கிடையாது.

கேள்வி: என் ஜீப்பை ஃபோர் வீல் ஆக்கித் தருவதாகச் சொல்லி ஒரு பட்டறையில் 1,80,000 ரூபாய் வாங்கினார்கள். ஃபோர் வீல் போட்டுத் தார் ரோட்டில் நூறு அடி போனாலே வண்டி இழுத்துப் பிடிக்கிறது, ஸ்டீயரிங் அதிர்கிறது, லீவர் வெளியே வர மறுக்கிறது. ஒரு மாதத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் விரிசல் விட்டுவிட்டது. நான் ஓட்டிய விதம்தான் தப்பு என்கிறார்கள். பில் தரவில்லை, பணம் யு.பி.ஐ.யில் போனது.
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் மேல் பழி போட அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத ஃபோர் வீலைக் காய்ந்த தார் ரோட்டில் போடக்கூடாது என்பது உண்மைதான். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் மாட்டிக்கொடுத்தவர் கடமை. ஆனால் நேர் ரோட்டில் நூறு அடிக்குள் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் வேறு: முன் ஆக்சிலின் கிரவுன்-பினியன் (ஆக்சிலுக்குள் ஷாஃப்ட் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) விகிதமும் பின் ஆக்சிலின் விகிதமும் ஒன்றாக இல்லை.

இதை ஒவ்வொரு வாசகரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் விகிதம் 5.375. கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.875. வெளியிலிருந்து பார்த்தால் ஹவுசிங் ஒரே மாதிரிதான் தெரியும். பழைய ஜீப்புகளில் இந்த இரண்டுமே புழக்கத்தில் உண்டு. ஃபோர் வீல் போட்டதும் இரண்டு புரோப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. ஒன்று 5.375, மற்றது 4.875 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ஜோடிச் சக்கரம் மற்றதைவிட நூறு மீட்டர் கூடுதலாக உருள முயலும். சேற்றில் டயர் வழுக்கி அதைச் சமாளிக்கும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. முறுக்கு முழுதும் கியரிலும் கிராஸிலும் ஏறி, எது பலவீனமோ அது உடையும். டயர் அளவு முன்னும் பின்னும் வேறாக இருந்தாலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஹவுசிங்கைத் திறக்கக்கூட வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸை டூ வீலில் வைத்து, முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் ஹப் லாக் இருந்தால் அதைப் பூட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஓர் ஆக்சிலை ஸ்டாண்டில் தூக்குங்கள். முன் ஆக்சிலுக்கு ஷாஃப்ட் தானாகச் சுழலும். பின் ஆக்சிலுக்குக் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தை 20 சுற்றுச் சுற்றுங்கள். புரோப்பல்லர் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அதன் சுற்றை எண்ணுங்கள். 54-க்குச் சற்றுக் குறைவாக வந்தால் 5.375, 49-க்குச் சற்றுக் குறைவாக வந்தால் 4.875. இரண்டு ஆக்சிலுக்கும் செய்ய அரை மணி நேரம் ஆகாது. அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காமல் லட்சக் கணக்கில் பணம் வாங்கும் பட்டறைகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விகிதம் வேறு என்று தெரிந்தால் கிரவுன்-பினியனை ஜோடியாக மாற்ற வேண்டும். ஜோடி இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் மாறிய இரண்டை ஒரே பெட்டியில் போட்டு எனக்கே விற்றிருக்கிறார்கள், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஊளைதான். பூட்டும்போது டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் (பல்லுக்குப் பல் உள்ள சின்ன இடைவெளி) பார்க்க வேண்டும், சாதாரணமாக 0.13 முதல் 0.20 மி.மீ. வரை. கையால் அசைத்துப் பார்த்து, சரி என்று மூடுபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு: சுற்று எண்ணுவதை வேறொரு மெக்கானிக் முன்னிலையில் வீடியோ எடுத்து, அவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். யு.பி.ஐ. பதிவு, பேசிய செய்திகள், உடைந்த டிரான்ஸ்ஃபர் கேஸின் படம் எல்லாவற்றையும் சேருங்கள். உடைந்த பொருளைப் பட்டறையில் விடாதீர்கள். கழற்றிய உங்கள் பழைய ஆக்சிலையும் கியர்பாக்ஸையும் திருப்பிக் கேளுங்கள், அவை உங்கள் சொத்து. 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மாற்றமே சட்டப்படி செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் பொருந்தாத உதிரி கொடுத்தது, பில் தராதது, பொருளைத் திருப்பாதது ஆகியவற்றை முன்னால் வைத்து எழுதுங்கள்.

கேள்வி: கம்பெனியே இதே மாடலை ஃபோர் வீலிலும் விற்றதே, அப்புறம் மாற்றுவதில் என்ன குற்றம்? ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், உதகமண்டலம்

பதில்: உங்கள் சேசிஸ் எண்ணில் கம்பெனி விற்றது டூ வீல். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அபராதத்தைவிட எனக்குக் கவலை இன்ஷூரன்ஸ்தான். தெரிவிக்காத மாற்றம் உள்ள வண்டி மலையில் உருண்டால் கம்பெனி முதலில் பிடிப்பது அதைத்தான். மெக்கானிக் சொல்லிக்கொள்வதாக இருந்தால், வேலை தொடங்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுப்பேட்டையில் பேப்பர் இல்லாத ஃபோர் வீல் வண்டியின் முன் ஆக்சிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கட்டுமா?
– வாசகர், சென்னை

பதில்: பேப்பர் இல்லை என்று தெரிந்தே கேட்கிறீர்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் குற்றம். டோனர் வண்டியின் ஆர்.சி., சேசிஸ் எண், உரிமையாளர் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், கடன் பாக்கி இல்லாத நிலை, இவை இல்லாமல் ஒரு போல்ட்கூட வாங்காதீர்கள். பதிவு எண்ணை எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலியில் போட்டு, வரும் விவரத்தை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழு வண்டியை வாங்கிப் பிரித்தால், அதன் ஆர்.சி.யை ரத்து செய்ய உரிமையாளர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 55-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் அதைச் செய்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கேள்வி: இணைய விளம்பரத்தில் 'ஒரிஜினல் 4×4' என்று ஒரு ஜீப். ஒரிஜினலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஆர்.சி.யில் மாடல் வரியை முதலில் படியுங்கள். பிறகு தரையில் படுத்துப் பாருங்கள். லீவர் வரும் துளையின் விளிம்பு அச்சில் அடித்தது போல் மடிந்திருந்தால் கம்பெனி வேலை. கேஸ் கட்டரில் அறுத்த கரடுமுரடாக இருந்தால் பின்னால் வெட்டியது. கிராஸ் மெம்பரும் ஸ்பிரிங் பிராக்கெட்டும் சேசிஸில் சேரும் இடத்தில் புது வெல்டிங், அதன்மேல் புதுக் கருப்புப் பெயின்ட் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், ஏற்காட்டு வாசகருக்குச் சொன்னபடி இரண்டு ஆக்சிலுக்கும் சுற்று எண்ணிப் பாருங்கள். விற்பவர் அதற்கு அனுமதிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: பண்ணைக்குப் போகும் இரண்டு கிலோமீட்டர் மண் ரோடு மட்டும்தான் பிரச்சினை. வண்டி டூ வீல் பொலேரோ. ஃபோர் வீல் ஆக்குவதைத் தவிர வேறு வழி உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்டு, அதையே முதலில் செய்யுங்கள். வண்டி சிக்கும்போது பெரும்பாலும் பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்கிறது. பின் டிஃபரன்ஷியலில் லாக் உள்ள வண்டி அங்கே எளிதாக ஏறிவிடும். பொலேரோ நியோவின் என்10 ஆப்ஷன் வகையில் அது கம்பெனியிலேயே வந்தது, அடுத்து வண்டி மாற்றும்போது அப்படி லாக் உள்ளதைப் பாருங்கள். இப்போதைக்கு, கதவோரத் தகட்டில் எழுதியுள்ள அதே அளவில் ஆல் டெரெய்ன் டயர் நான்கு வாங்குங்கள், இரண்டு அல்ல. சேறும் மணலும் வரும் இடத்தில் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி மெதுவாகப் போங்கள். தார் ரோட்டுக்கு ஏறுமுன் பழையபடி நிரப்ப ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும். பின்னால் இரண்டு மூட்டை மணல், ஆக்சிலுக்கு நேர் மேலே, அசையாமல் கட்டி வையுங்கள். மீதிப் பணத்தில் ரோட்டின் அந்த வழுக்கும் பகுதிக்கு ஒரு லோடு கிராவல் அடியுங்கள்.