குலசேகரத்தில் மழை தொடங்கியதும் மகனுக்கு வீசிங்

நன்றாக இருக்கிறான் என்று தினசரி இன்ஹேலரை நிறுத்தினீர்கள், ஜூன் மழையில் ராத்திரி இழுப்பு திரும்பியது, இன்ஹேலர் பழகிவிடும் என்று பாட்டி பயப்படுகிறார். இதுதானே பிரச்சினை? பழகாது, பாட்டியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். தினமும் எடுக்கும் புடெசொனைடு மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கி வைப்பது. அவன் நன்றாக இருந்ததே அதனால்தான். குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். உடனடி நிவாரண இன்ஹேலரான சால்பியூட்டமால் இழுப்பு வரும்போது மட்டும். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் அது தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) கட்டாயம் வேண்டும். ஒரு பஃப், ஐந்தாறு சாதாரண மூச்சு, அப்புறம்தான் அடுத்த பஃப். புடெசொனைடுக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் மருந்து ஸ்பேசரின் உட்சுவரில் ஒட்டும்.

பக்கத்தில் ரப்பர் ஷீட்டை உலர்த்தப் புகை போடுகிறார்கள் என்றீர்கள். அந்த நேரம் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடுங்கள். மழைக்காலப் பூஞ்சணமும் ஆகாது. ஈரத்துணியை அவன் படுக்கும் அறையில் உலர்த்த வேண்டாம்.

விலா எலும்பிடுக்கு உள்ளே குழிந்தாலோ, பேச மூச்சு போதவில்லை என்றாலோ, சால்பியூட்டமால் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தூரம், முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு.