டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சாப்பாடு: டெல்லித் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

குழந்தைகளுக்குச் சாப்பிடப் பழக்கும் தெரபிஸ்டாக டெல்லியில் வேலை செய்கிறேன். டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை, உள்ளவர்களின் குடும்பங்கள் என்னிடம் கேட்டவை இவை. கேட்டவர்களின் ஊர்ப்பகுதியை மட்டும் போட்டிருக்கிறேன்.

முனிர்கா, ஓர் அம்மா: மகளுக்கு மூன்று வயது. மடியில் சாய்த்து ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள், அடிக்கடி புரை ஏறுகிறது, பாதிச் சோறு நாக்கோடு வெளியே வந்துவிடுகிறது.

சாய்த்து ஊட்டுவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். தலை பின்னால் சாய்ந்திருந்தால் அவள் விழுங்கத் தயாராகும் முன்பே சோறு தொண்டைக்குள் வழிந்துவிடும், புரை ஏறுவது அதனால்கூட இருக்கலாம். இந்தக் குழந்தைகளுக்குத் தசை தளர்வாக இருப்பதால் உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொள்வதே பெரிய வேலை, அந்த வேலையை நாற்காலி செய்தால்தான் வாய் மெல்லுவதைக் கவனிக்கும். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்கட்டும், முட்டி மடங்கட்டும், பாதம் முழுசாக எதன் மேலாவது பதியட்டும். பழைய பேப்பர் கட்டு போதும், ஆனால் கால் தொங்கவே கூடாது. மேசை அவள் முழங்கை உயரம். முகம் நேராக, தாடை கொஞ்சம் கீழ்நோக்கி இருந்தால் நல்லது, அதற்காகத் தலையைக் கையால் அழுத்தாதீர்கள், சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளின் பிணைப்பு தளர்வாக இருக்கும்.

அப்புறம் ஸ்பூன். தட்டையானதாக எடுத்து, எதிரில் உட்கார்ந்து, நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, அவளுடைய மேலுதடு இறங்கிவந்து சோற்றை எடுக்கும்வரை பொறுங்கள். நாம் அவசரத்தில் மேல் பல்லில் வழித்துவிடுகிறோம், அப்படிச் செய்தால் உதடு வேலையே கற்காது.

சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கேட்டாலோ, அடிக்கடி நெஞ்சுச்சளியோ நிமோனியாவோ வந்தாலோ, இருமல் இல்லாமலேயே உணவு நுரையீரலுக்குப் போகலாம். விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மயூர் விஹார், ஒரு தாத்தா: பேரன் எங்களோடு தரையில் சப்பணம் போட்டுச் சாப்பிடலாமா?

தாராளமாக. இடுப்பு மூட்டு தளர்வு என்பதால் கால் அகன்று முதுகு கூன் போடும், ஆகவே சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்காரட்டும், தட்டை மணை மேல் வையுங்கள். புது உணவு பழக்குவது மட்டும் நாற்காலியிலேயே இருக்கட்டும்.

ஆர்.கே.புரம், ஓர் அப்பா: ஏழு வயது மகனுக்கு வயிறு உப்பல், எடை ஏறவில்லை, ஹீமோகுளோபினும் குறைவு. பள்ளியில் தினமும் சப்பாத்தி. நிறுத்திப் பார்க்கட்டுமா?

தயவுசெய்து இப்போது நிறுத்தாதீர்கள். கோதுமைப் புரதம் குடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோய் பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு என்றால், டவுன் சிண்ட்ரோமில் 5 பேருக்காவது இருக்கும். அதற்கான டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும், முன்கூட்டியே நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். உறுதியானால் நம் சமையல் கைகொடுக்கும்: இட்லி, தோசை, பொங்கல், எல்லாம் அரிசிதான். ரவை, சேமியா கூடாது. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதனால் சாம்பார், ரசம்கூடப் பத்திரமில்லை, பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்.

கரோல் பாக், ஓர் அக்கா: தம்பிக்கு 22 வயது. அளவாகத்தான் சாப்பிடுகிறான், எடை கூடிக்கொண்டே போகிறது.

சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குக் குறைவு, ஆகவே உங்களுக்கு அளவாகத் தெரிவது அவனுக்கு அதிகமாக இருக்கலாம். தைராய்டு சுரப்பும் குறைந்திருக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதற்கும் தைராய்டு காரணமாகலாம். அவனைத் திட்டியோ பட்டினி போட்டோ பயனில்லை. காயும் பருப்பும் முதலில், சோறு கடைசியில், அவனே பரிமாறிக்கொள்ளட்டும்.

துவாரகா, ஓர் அம்மா: ஒன்றரை வயதில் இரண்டே பல். மிக்ஸியில் அரைத்தே கொடுக்கலாமா?

பல் தாமதமாவது இவர்களுக்கு இயல்பு. ஈறாலேயே மசிக்க முடியும், அதனால் குழைந்த சாதத்தைக் கையால் பிசைந்து, வாரா வாரம் கொஞ்சம் கொரகொரப்பைக் கூட்டுங்கள். முழு வேர்க்கடலை வேண்டாம், திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள்.