பிரசவத்துக்கு எந்த ஊர் போனாலும் முதலில் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள்: கேள்வி பதில்

கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பம் தெரிந்ததிலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை யாரிடம் போய் எதைக் கேட்பது என்று கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்து, ஸ்கேன் பற்றிய கேள்விகள் உங்கள் டாக்டருக்கு உரியவை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, நாள் தள்ளி இரண்டு மாதம் ஆன பெண்: அக்கா, நான் தனியார் டாக்டரிடம் காட்டுகிறேன். அரசு நர்ஸிடமும் பதிய வேண்டுமா?

கண்டிப்பாகப் பதிய வேண்டும். டாக்டரை மாற்ற வேண்டியதில்லை, பதிவு மட்டும் போதும். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்பைப் பதியும்போது பிக்மி நம்பர் கேட்பார்கள். கர்ப்பத்தை அரசுச் செவிலியரிடம் பதிந்ததும் கிடைக்கும் 12 இலக்க எண் அது. எந்த மருத்துவமனையில் பிரசவம் ஆனாலும் இது வேண்டும். குழந்தை பிறந்த பிறகு அந்த நம்பருக்காக அலைந்த அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 12 வாரத்துக்குள் பதிந்துவிடு. ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், ஸ்கேனோ சிறுநீர் பரிசோதனையோ எடுத்திருந்தால் அந்தச் சீட்டு, இவற்றோடு உன் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். மாதாமாதம் 9-ஆம் தேதி டாக்டரே பார்க்கும் சிறப்பு முகாமும் உண்டு.

பதிவோடு உனக்கென்று ஒரு செவிலியர் கிடைக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். தனியார் டாக்டர் நீ போனால் பார்ப்பார். நீ போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று வீடு தேடி வருவது இந்தச் செவிலியர்தான். அங்கன்வாடியிலும் பெயரைக் கொடு, சத்துமாவு கிடைக்கும். தாய் சேய் நல அட்டை ஒன்று தருவார்கள். அது எப்போதும் உன் கைப்பையில் இருக்கட்டும், பீரோவில் வேண்டாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் எவ்வளவு? எப்போது வரும்?

மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம், உள்ளே நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு, தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். பணம் தாமதமானால் முதலில் வங்கிக்குப் போய் உங்கள் பெயரிலுள்ள கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாமியார் கணக்கு, கணவர் கணக்கு எதுவும் செல்லாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கணவர்: மனைவிக்கு வளைகாப்பு முடிந்து பாகூரில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அது புதுச்சேரி மாநிலம். செக்கப், தடுப்பூசிக்கெல்லாம் என்ன செய்வது? இந்த நேரத்தில் நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்கிறார்கள். மனசு ஒப்பவில்லை.

தம்பி, நல்ல கேள்வி. நம் பக்கத்தில் பெண்ணையாற்றைத் தாண்டினால் நிர்வாகமே வேறு. ஏழாம் மாதத்தில் கிளம்பும் பெண் பழைய ஊர்ச் செவிலியரின் பதிவேட்டில் 'தாய்வீடு சென்றார்' என்று ஆகிவிடுவாள். போன ஊரில் பெயரே இருக்காது. ரத்த அழுத்தம் ஏறுவது, கால் வீங்குவது, ரத்தசோகை மோசமாவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கடைசி மாதங்களில்தான். அப்போது பார்த்து இரண்டு ஊரிலும் ஆள் இல்லை என்றால் எப்படி?

கிளம்பும் முன் நெல்லிக்குப்பத்துச் செவிலியரிடம் போகும் ஊரையும் போன் நம்பரையும் சொல்லுங்கள். பிரசவம் வேறு மாநிலத்தில் என்றால் உதவித்தொகைக்கு என்னென்ன சான்று கொண்டுவர வேண்டும் என்று அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். பாகூர் போன வாரமே அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் அட்டையைக் காட்டிப் பெயர் கொடுங்கள். சிக்கல் ஏதும் இருந்தால் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அனுப்புவார்கள். பிரசவம் எந்த ஊரில் நடக்கிறதோ பிறப்புப் பதிவும் அங்கேதான், இதை மறக்காதீர்கள். ஞாயிறு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. தாராளமாக அடிக்கடி போங்கள்.

பாகூரிலிருந்து ஒரு பெரியவர்: அம்மா, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது காலங்காலமாக வரும் வழக்கம். மாப்பிள்ளை தினமும் வந்து உட்கார்ந்தால் பெண்ணுக்கு ஓய்வு எங்கே? வழக்கத்தை மாற்றச் சொல்கிறீர்களா?

இல்லை ஐயா. தாய்வீட்டுக்குப் போவதை நான் குறை சொல்லவே இல்லை. புகுந்த வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூச்சப்படும் பெண் தாய்வீட்டில் நாலு நாள் நிம்மதியாகத் தூங்குவாள். அதற்கு ஈடாக எந்தத் திட்டமும் கிடையாது. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்று, செலவு முழுவதும் பெண்ணைப் பெற்றவர் தலையில் விழுகிறது. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாமே 2011-லிருந்து அரசுத் திட்டப்படி இலவசம். பிறந்த குழந்தைக்கு ஒரு வயதுக்குள் உடம்பு சரியில்லை என்றால் அந்த வைத்தியமும் இலவசம். அப்படியிருந்தும் சம்பந்திகளிடம் கௌரவம் போய்விடும் என்று கடன் வாங்கித் தனியாருக்கு ஓடுகிறார்கள். இரண்டு, குழந்தையின் அப்பாவை விருந்தாளி ஆக்கிவிடுகிறோம். மூன்று மாதம் கழித்து அவள் திரும்பிப் போகும்போது அவருக்குக் குழந்தையைத் தூக்கக்கூடத் தெரியாது.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தாய்: பெரியவர் சொல்வதை ஏற்கமாட்டேன். எனக்கு அம்மா இல்லை. கணவர்தான் எல்லாம் செய்தார், ஊரே கேலி பேசியது.

கேலி பேசியவர்கள் ராத்திரி மூன்று மணிக்கு வந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ளப் போவதில்லை அம்மா. உன் கணவர் செய்தது சரி.

மறுபடியும் பாகூர்ப் பெரியவர்: ஆண்பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்றுதான் கேட்கிறேன்.

வேலை நிறைய இருக்கிறது ஐயா. ரத்தம் கொடுக்க இரண்டு பேரை முன்கூட்டியே பேசி வைப்பது. 108 வண்டி வீட்டு வாசல்வரை வருமா, எந்தத் தெருமுனையில் நிற்கும் என்று பார்த்து வைப்பது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாமல் பார்த்துக்கொள்வது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் அந்த மாத்திரை உண்டு, பெரும்பாலான வீடுகளில் அதை மறந்துவிடுகிறார்கள். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவது. குழந்தை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ கொண்டுவரும் உறவினரை வாசலிலேயே நிறுத்துவது. இந்தக் கடைசி வேலையை மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. சீம்பால்தான் முதல் உணவு, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.

கடலூர் முதுநகரிலிருந்து: முத்துலட்சுமி பணம் எப்போது வரும்?

மேலே மஞ்சக்குப்பத்துக்குச் சொன்னதுதான். ஆதார் இணைப்பைப் பாருங்கள்.

தாழங்குடாவிலிருந்து மீனவர் குடும்பம்: மருமகளுக்கு டிசம்பர் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மழை, புயல் என்றால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை எல்லாக் கடலோரக் குடும்பமும் கேட்க வேண்டும். 2011 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாமே நவம்பர், டிசம்பரில்தான். ஃபெஞ்சலில் புயல் கரை கடந்த பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து பெண்ணையாற்றங்கரை மூழ்கியது. காற்று நின்றுவிட்டதே என்று இருந்த வீடுகளில்தான் தண்ணீர் புகுந்தது.

ஐப்பசி பிறந்ததும் உங்கள் செவிலியரிடம் போய்ப் பிரசவத் தேதியை மறுபடி சொல்லுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளைப் பட்டியல் எடுத்து முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பார்கள். பட்டியலில் மருமகள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அழைத்தால் வலி வரவில்லையே என்று மறுக்காமல் கிளம்புங்கள். அட்டை, ஸ்கேன் சீட்டு, ஆதார் மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நவம்பர் பாதியிலேயே மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு மாற முடிந்தால் இன்னும் நல்லது. அங்கேயும் செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

பண்ருட்டியிலிருந்து: ஸ்கேன் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் இடம் தெரியுமா?

1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்பதும் குற்றம்தான்.

லாஸ்பேட்டையிலிருந்து: குழந்தைக்கு நாற்பது நாள். எனக்கு அம்மா இல்லை, மாமியார் ஊருக்குப் போய்விட்டார். கணவர் ராத்திரிதான் வருவார். பால் போதவில்லையோ என்று பயம். காரணமில்லாமல் அழுகிறேன்.

கண்ணு, பால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா? இரண்டும் சரி என்றால் பால் போதும். எடையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள். பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் முறை. யாரும் வரவில்லை என்றால் உன் பகுதி ஆஷா சுகாதாரப் பணியாளரையோ செவிலியரையோ கூப்பிட்டுக் கேள். கேட்பது உன் உரிமை.

அழுகையைப் பற்றிக் கவனமாகக் கேள். பிரசவமான முதல் இரண்டு வாரம் பல பேருக்கு அழுகை வரும், போய்விடும். நாற்பது நாளாகியும் தொடர்கிறது என்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம், உன் மனபலக் குறை இல்லை. 14416-க்கு இன்றே போன் செய். டெலி மானஸ் என்று பெயர், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டே போகலாம். உன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாமா என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதே. உடனே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு, 108-ஐக் கூப்பிடு. கணவரிடம் இந்தப் பதிலை அப்படியே படித்துக் காட்டு. வீட்டில் அடி, மிரட்டல் என்று ஏதும் இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

அப்புறம், அங்கன்வாடிக்கு நடந்து போய் வா. மாவுக்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே உன்னைப் போலக் கைக்குழந்தையோடு வரும் நாலு பேரைப் பார்ப்பாய்.

சிப்காட் நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தப் பணியாளர்: கான்ட்ராக்ட் ஆளுக்கு மகப்பேறு விடுப்பு இல்லை என்கிறார்கள்.

தவறு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் ஒப்பந்தப் பணியாளருக்கும் உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம். ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் பணம் அங்கிருந்து வரும், அதற்கான விதியை ஈஎஸ்ஐ அலுவலகத்தில் கேளுங்கள். விடுப்புக் கடிதத்தை எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பெண் ஏழு மாதம். ரேஷன் கார்டு இல்லை. பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். செக்கப், பிரசவம், தடுப்பூசி எதற்கும் ரேஷன் கார்டு தேவையில்லை. மொழி தெரியாததால்தான் அவர்கள் வருவதில்லை. நீங்களே ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டிப் போங்கள்.

வில்லியனூரிலிருந்து: குழந்தை குறைமாதம், ஜிப்மரில் இருக்கிறது. எனக்குப் பால் அதிகம், கொட்டத்தான் வேண்டுமா?

கொட்டாதே அம்மா. ஜிப்மரிலேயே அமுதம் என்ற தாய்ப்பால் மையம் 2016-லிருந்து இருக்கிறது. வார்டு நர்ஸிடம் கேள். உன் குழந்தைக்குப் போக மீதியைப் பரிசோதித்து மற்றக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள்.

விருத்தாசலம், சிதம்பரம், மறுபடி முதுநகர்: பணம் எப்போது வரும்?

மூவருக்கும் ஒரே பதில், மேலே இருக்கிறது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன். அந்த நேரத்தில் தாழங்குடா மாதிரி ஒரு வீட்டுக்குப் பதில் சொல்லலாம்.

சேத்தியாத்தோப்பிலிருந்து: நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதாம். சிசேரியன்தானா?

டாக்டர்தான் சொல்ல வேண்டும். சொட்டு ரத்தம் பட்டாலும் வலி இல்லையே என்று காத்திருக்காமல் 108.

முதலியார்பேட்டையிலிருந்து: பிரசவம் முடிந்து கடலூர் திரும்புகிறேன். தடுப்பூசியை இனி எங்கே போடுவது? ஆறாவது வார ஊசி புதுச்சேரியில் போட்டாயிற்று.

கடலூரில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடலாம், புதன்கிழமை போ. அடுத்தது பத்தாவது வாரம், அப்புறம் பதினான்கு. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆறாவது வாரம் போட்டதற்கான பதிவு அட்டையில் இருக்கிறதா என்று முதலியார்பேட்டையை விட்டுக் கிளம்பும் முன் பார்த்துக்கொள். இல்லையென்றால் போட்ட இடத்திலேயே எழுதி வாங்கு.